மொறுமொறுப்பு வராத காய்ச் சீவல்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எண்ணெய்ச் சட்டியில் பொரிக்காமல் அவன் (oven) என்ற சூட்டுப்பெட்டியிலோ ஏர் ஃப்ரையரிலோ வறுத்தெடுக்கும் காய்ச் சீவல், விரல்துண்டு, கீரைச் சில்லு ஆகியவற்றுக்கான வழிமுறை இது. முழுவதையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ட்ரேயில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பணம் வைக்கும் காரணம் கடைசியில் வரும்.

தொடங்கும் முன்: தராசை எடுத்து வையுங்கள்

நிறத்தைப் பார்த்து "ஆயிற்று" என்று முடிவெடுப்பதில்தான் பெரும்பாலான சறுக்கல் தொடங்குகிறது. சர்க்கரை உள்ள காய் தண்ணீர் வற்றும் முன்பே சிவந்துவிடும். உருளைக்கிழங்கு வெளிறி இருக்கும்போதே உலர்ந்திருக்கும். மொறுமொறுப்பு என்பது தண்ணீர் போய்விட்டதா இல்லையா என்பது மட்டுமே. அதை எடை காட்டிவிடும்.

தோல் நீக்கிய 500 கிராம் காயுடன் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்து முழுதாக உலர வறுத்தால், கடைசியில் தோராயமாக இவ்வளவு நிற்கும்:

- உருளைக்கிழங்கு: 120–125 கிராம்
- சர்க்கரைவள்ளிக்கிழங்கு: 130–135 கிராம்
- கேரட், பீட்ரூட்: 75–80 கிராம்
- சுக்கினி (வெள்ளரி போலத் தெரியும் பூசணிக் குடும்பத்துக் காய்): 40 கிராம்

ஊறவைத்தோ, உப்புப் போட்டுப் பிழிந்தோ செய்திருந்தால் இதைவிடச் சற்றுக் குறையும். 500 கிராம் உருளைக்கிழங்குச் சீவல் 160 கிராம் நிற்கிறது என்றால், இன்னும் 35 கிராமுக்கு மேல் தண்ணீர் உள்ளே இருக்கிறது. எத்தனை சிவப்பாக இருந்தாலும் அது நமத்துத்தான் போகும். நிறுக்கும்போது சீவலை ஒரு கிண்ணத்தில் கொட்டி நிறுங்கள். சூடான ட்ரேயைத் தராசின் மேல் வைத்தால் தராசு கெடும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை அமைப்பு: 2 மில்லிமீட்டர் கனம், 500 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். உருளைக்கிழங்குக்கு 190 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம். பீட்ரூட், கேரட், சர்க்கரைவள்ளிக்கு 150 டிகிரியில் 30 முதல் 45 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு. கீரை இலைக்கு 150 டிகிரியில் 12 முதல் 18 நிமிடம். விசிறி ஓடும் அவன் என்றால் எல்லாவற்றிலும் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். கீழே "சூட்டைக் குறையுங்கள்" என்று வரும் இடமெல்லாம் இந்த அமைப்பிலிருந்து கணக்கு.

## அறிகுறி 1: ஓரம் கருகிவிட்டது, நடுப்பகுதி துவள்கிறது

என்ன காய் என்று பாருங்கள். பீட்ரூட், கேரட், சர்க்கரைவள்ளி என்றால் பெரும்பாலும் சூடு அதிகம், வேறொன்றுமில்லை. இவற்றில் உள்ள சர்க்கரை, தண்ணீர் வெளியேறும் வேகத்தை முந்திக்கொண்டு சிவக்கிறது. 140–150 டிகிரிக்கு இறக்குங்கள். ஓரம் சிவக்கத் தொடங்கியதும் அவனை அணைத்து, கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி 15–20 நிமிடம் அப்படியே விடுங்கள். மிச்சச் சூட்டில் தண்ணீர் போகும், நிறம் அதிகம் ஏறாது. 190 டிகிரியில் வைத்துப் பக்கத்திலேயே நின்று காவல் காப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கனம் சீராக இருக்கிறதா? பத்துச் சீவல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். அடுக்கு நேராக நின்று, ஸ்கேலில் 20 மில்லிமீட்டர் காட்டினால் சரி. ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஒவ்வொரு சீவலும் ஆப்பு வடிவத்தில் இருக்கிறது. மெல்லிய ஓரம் கருகும், தடித்த ஓரம் வேகாமல் நிற்கும். சூட்டை எப்படி மாற்றினாலும் இது சரியாகாது. கத்தியால் அரிபவர்கள் காயின் ஒரு பக்கத்தில் முதலில் ஒரு தட்டைப் பரப்பு வெட்டி, அதன்மேல் காயை உட்கார வைத்து அரிந்தால் உருளாது. சீவும் கட்டை இருந்தால் காயைப் பிடிக்கும் மூடியோடு பயன்படுத்துங்கள். மூடி தொலைந்துவிட்டது என்றால் வெட்டுப்படாத கையுறை வாங்கும்வரை கட்டையைத் தொடவே வேண்டாம். கடைசி ஒரு அங்குலக் காய்க்காக விரல்நுனியை இழப்பது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் விபத்து.

உருளைக்கிழங்கு ஃபிரிட்ஜில் இருந்ததா? குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அந்தக் கிழங்கைச் சீவி வறுத்தால் புள்ளி புள்ளியாகக் கறுக்கும். இப்போதைக்குச் செய்யக்கூடியது: சீவலை 30 நிமிடம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, வடித்து, நன்றாகத் துடைத்து, 175 டிகிரியில் வறுப்பது. மீதிக் கிழங்கை வெளியே எடுத்து இருட்டான, காற்றோட்டமான இடத்தில் ஓரிரு வாரம் வைத்தால் சர்க்கரை ஓரளவு குறையும். உருளைக்கிழங்கைப் பொன்மஞ்சளிலேயே நிறுத்திவிடுங்கள். மாவுச்சத்துள்ள காயை 120 டிகிரிக்கு மேல் வறுக்கும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது. நிறம் கறுக்கக் கறுக்க அதுவும் கூடும்.

இவை எதுவும் இல்லையென்றால் அவன் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் வேறுவேறாக இருக்கலாம். கடைசியில் உள்ள "கருவிச் சோதனை" பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி 2: நிறமே வரவில்லை, வெந்து சவசவ என்று கிடக்கிறது

இது வறுபடவில்லை, தன் ஆவியிலேயே அவிந்திருக்கிறது.

நெரிசல். பத்தில் ஒன்பது முறை இதுதான் காரணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏனென்று புரியும். 500 கிராம் காயை 2 மில்லிமீட்டர் கனத்தில் சீவினால் கிடைக்கும் பரப்பு ஏறக்குறைய 2,400 சதுர சென்டிமீட்டர். 40-க்கு 30 சென்டிமீட்டர் ட்ரேயின் பரப்பு 1,200 மட்டுமே. வட்டச் சீவல்களுக்கு இடையே தானாக விழும் வெற்றிடத்தையும் சேர்த்தால், அந்த ட்ரேயில் ஒருமுறைக்கு 170–180 கிராம்தான் கொள்ளும். அதாவது அரைக் கிலோவுக்கு மூன்று ட்ரே. 22 சென்டிமீட்டர் சதுரக் கூடை உள்ள ஏர் ஃப்ரையரில் 70 கிராம். கூடை நிறையப் போட்டுக் குலுக்கினால் ஆயிற்று என்பது தடித்த விரல்துண்டுக்கு ஓரளவு பொருந்தும், மெல்லிய சீவலுக்குப் பொருந்தாது. ஈரச் சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கட்டையாகிவிடும்.

உறுதி செய்ய: கதவுக் கண்ணாடியில் ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் நீர்த்துளி வழிந்துகொண்டே இருந்தால் நெரிசல்.

மேற்பரப்பு ஈரம். ஒரு சீவலைக் காகிதத் துண்டில் வைத்து அழுத்துங்கள். ஈரத்தடம் பதிந்தால் அது அவனுக்குப் போகத் தயாராகவில்லை. 500 கிராமுக்கு அரைத் தேக்கரண்டி உப்புத் தூவி 15 நிமிடம் வைத்தால் தண்ணீர் தானாக வெளியே வரும். அதை வடித்து, துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு உள்ளங்கையால் அழுத்துங்கள். பிறகுதான் எண்ணெய். உப்பு ஏற்கெனவே இறங்கிவிட்டது என்பதை நினைவில் வையுங்கள். வறுத்தபின் இன்னொரு முறை தூவினால் வாயில் வைக்க முடியாது.

அவன் சூடேறவில்லை. சத்தம் கொடுத்ததும் ட்ரேயை உள்ளே தள்ளாதீர்கள். அந்தச் சத்தம் காற்றுச் சூடானதற்குத்தான். சுவரும் தரையும் சூடாக இன்னும் 10 நிமிடம் வேண்டும். வெறும் ட்ரேயையும் உள்ளே வைத்துச் சூடாக்கிவிட்டால், விரல்துண்டுகளுக்கு அடிப்பக்கம் நன்றாகப் பிடிக்கும்.

அடிக்கடி கதவைத் திறப்பது. உருளைக்கிழங்குக்கு ஒருமுறை, மெதுவாக வறுபடும் காய்களுக்கு இருமுறை போதும். திறந்தால் ஆவி முழுவதையும் வெளியே விட்டு மூடுங்கள்.

இரண்டு அடுக்கு. விசிறி இல்லாத அவனில் மேல் ட்ரே, கீழ் ட்ரேயின் ஆவியைக் குடித்துக்கொண்டிருக்கும். பாதி நேரத்தில் இடம் மாற்றுங்கள், அல்லது ஒவ்வொன்றாக வையுங்கள்.

காயே அப்படி. சுக்கினியில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். தக்காளியும் அப்படித்தான். இவற்றை 190 டிகிரியில் மொறுமொறுப்பாக்க முயல்வது வீண். 110 டிகிரியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் உலர்த்த வேண்டும். 500 கிராமுக்கு ஒரு கைப்பிடிதான் மிஞ்சும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் வேறு காயைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வெண்டைக்காய்க்கு ஒரு தனி விதி: முழுதாகக் கழுவி, முழுதாகத் துடைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டு, அப்புறம்தான் அரிய வேண்டும். அரிந்தபின் தண்ணீர் பட்டால் கொழகொழப்பு வெளியே வந்து சீவல்களை ஒட்டவைத்துவிடும். நீளவாக்கில் நான்காகப் பிளந்தால் விதைப்பக்கம் வெளியே தெரிந்து சீக்கிரம் உலரும்.

## அறிகுறி 3: எடுக்கும்போது மொறுமொறு, ஆறியதும் துவண்டுவிட்டது

இதன் தலைகீழும் உண்டு: சூட்டில் தொளதொள என்றிருந்தது, ஆறியதும் மொறுமொறுத்துவிட்டது. பீட்ரூட், கேரட், சர்க்கரைவள்ளி மூன்றும் சூட்டில் எப்போதும் இளகித்தான் இருக்கும். உள்ளே உள்ள சர்க்கரை ஆறிய பிறகே கெட்டிப்படும். இது தெரியாமல் "இன்னும் ஐந்து நிமிடம்" என்று வைத்துக் கருக்கிவிடுவது சகஜம்.

அதனால் எந்தக் காயானாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ட்ரேயின் நடுவிலிருந்து, தடித்ததாகத் தெரியும் ஒரு சீவலை எடுத்து, குளிர்ந்த பீங்கான் தட்டில் ஒரு நிமிடம் வையுங்கள். பிறகு ஒடியுங்கள்.

- "டக்" என்று ஒடிந்தால் ஆயிற்று. ட்ரேயை எடுங்கள்.
- வளைந்து, பிறகு கிழிந்தால் தண்ணீர் இருக்கிறது. 5 நிமிடம் கூட்டி மறுபடி சோதியுங்கள்.
- ஓரம் ஒடிந்து நடு வளைந்தால் அவனை அணைத்து, கதவைச் சற்றுத் திறந்துவிட்டு 10 நிமிடம்.

சோதனையில் ஒடிந்த சீவல் பிறகு துவண்டால், தவறு வறுத்ததில் இல்லை, ஆறவைத்ததில் இருக்கிறது.

*தட்டில் குவித்தீர்களா?* சூடான சீவல் இன்னும் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். குவியலில் அந்த ஆவி பக்கத்துச் சீவலில் படியும். கம்பித் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். காகிதத் துண்டின் மேல் பரப்புவது இரண்டாம்பட்சம். அடிப்பக்கம் ஈரம் பிடிக்கும்.

*மூடினீர்களா?* ஈ மொய்க்கும் என்று மூடிவைத்தால் மூடியின் உள்பக்கம் வியர்த்து, அது சொட்டாக விழும். வலைமூடி மட்டும் போடுங்கள்.

*பக்கத்தில் ஏதாவது கொதிக்கிறதா?* மழைநாளிலும், அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்போதும் காற்றே ஈரமாக இருக்கும். உப்புத் தூவிய சீவல் அந்த ஈரத்தை இன்னும் வேகமாக இழுக்கும். அணைத்து வைத்த அவனுக்குள்ளேயே, கதவைப் பாதி திறந்து ஆறவிடுங்கள்.

துவண்டுவிட்டதை மீட்கலாம். 110 டிகிரியில் 5 முதல் 8 நிமிடம் வைத்து, கம்பித் தட்டில் ஆறவையுங்கள். மைக்ரோவேவ் இதற்கு உதவாது. மேற்பரப்பு இளகி, நடுவில் தோல்போல் ஆகும்.

விரல்துண்டு என்றால் எதிர்பார்ப்பைச் சற்று மாற்ற வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தடித்த துண்டின் உட்புறம் மென்மையாகத்தான் இருக்கும். அந்த ஈரம் வெளிப்பக்கத்துக்கு வந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் மொறுமொறுப்பைக் கெடுக்கும். அது பிழை அல்ல, துண்டின் இயல்பு. மொறுமொறுப்பு நிற்கும் நேரத்தைச் சற்று நீட்டலாம். துடைத்த துண்டுகளில் 500 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி சோளமாவோ அரிசிமாவோ தூவி, வெண்பொடி மெலிதாக ஒட்டும்வரை புரட்டி, பிறகு எண்ணெய் விட்டு 220 டிகிரியில் 25–35 நிமிடம். எண்ணெய் முதலில், மாவு பிறகு என்றால் கட்டி கட்டியாகும்.

உருளைக்கிழங்குத் துண்டுக்கு இன்னொரு வழி உண்டு. இரண்டு லிட்டர் கொதிநீரில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா போட்டு, ஓரம் உரசினால் மாவாக உதிரும் பதம்வரை வேகவையுங்கள். வடித்து, பாத்திரத்தில் குலுக்கிச் சொரசொரப்பாக்கி, ஆவி அடங்கியபின் எண்ணெய் பூசி வறுங்கள். சொரசொரப்புக் கூடினால் மொறுமொறுக்கும் பரப்பும் கூடும்.

## அறிகுறி 4: ட்ரேயின் ஒரு பக்கம் கருகல், மறுபக்கம் பச்சை

முதலில் ட்ரேயைப் பாதி நேரத்தில் முன்பின்னாகத் திருப்புங்கள். எல்லா அவனுக்கும் ஒரு சூடான மூலை உண்டு. திருப்பியும் சரியாகவில்லை என்றால்:

ட்ரே நெளிந்திருக்கிறதா பாருங்கள். மேசையில் வைத்து மூலையை அழுத்தினால் ஆடும். எண்ணெய் பள்ளத்தில் தேங்கி அங்கே பொரியும், மேட்டில் காயும். மெல்லிய ட்ரே 200 டிகிரிக்கு மேல் "டம்" என்று நெளியும் சத்தமே கேட்கும். கனமான ட்ரேதான் இதற்கு மருந்து. கறுப்பு ட்ரே அடியை வேகமாகச் சிவக்கவைக்கும். வெள்ளி நிற ட்ரேக்கு எழுதிய நேரத்தை அதில் பின்பற்றினால் அடி கருகும். 10–15 டிகிரி குறையுங்கள்.

சூடான மூலை எது என்று தெரியவில்லையா? கம்பித் தட்டு முழுவதும் வெள்ளை ரொட்டித் துண்டுகளை நெருக்கி அடுக்கி, 180 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள். எந்தத் துண்டு எவ்வளவு சிவந்தது என்பதுதான் உங்கள் அவனின் வரைபடம். ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்வரிசை முழுவதும் கறுத்து முன்வரிசை வெளிறினால், விசிறி ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

## அறிகுறி 5: ட்ரேயில் ஒட்டிப்பிடித்துக் கிழிகிறது

பாதி நேரங்களில் இது அவசரம்தான். மேற்பரப்பு உலர்ந்தால் சீவல் தானாக விடும். தள்ளினால் நகரவில்லை என்றால் மூன்று நிமிடம் பொறுங்கள். பேக்கிங் காகிதம் போடுங்கள், ஆனால் அதன் உறையில் எழுதியுள்ள சூட்டு வரம்பைப் பாருங்கள். பல காகிதங்கள் 220 டிகிரியோடு நின்றுவிடும். அலுமினியத் தாளில் பீட்ரூட்டும் சர்க்கரைவள்ளியும் ஒட்டும், அதைத் தவிருங்கள். தேன், சர்க்கரை, சாஸ் எதையும் தொடக்கத்திலேயே பூசாதீர்கள். கடைசி ஐந்து நிமிடம் போதும்.

## அறிகுறி 6: மொறுமொறுப்பு இல்லை, கல் போல் கெட்டி

கடிக்க முடியாத கேரட் சீவலுக்கு மூன்று காரணம் உண்டு. கனம் 3 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும், எண்ணெய் போதாது, அல்லது குறைந்த சூட்டில் மிக நீண்ட நேரம் உலர்ந்திருக்கும். எண்ணெய் இல்லாமல் உலர்ந்த காய் வற்றலாகும், சில்லாகாது. 1.5 மில்லிமீட்டருக்குச் சீவி, ஒவ்வொரு சீவலிலும் இருபுறமும் பளபளப்புத் தெரியும்வரை கையால் எண்ணெய் பூசுங்கள். கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் கிளறினால் பாதிச் சீவலுக்கு எண்ணெய் படாது.

கனமான சர்க்கரைவள்ளிக்கு ஒரு உத்தி: சீவலைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, துடைத்து, பிறகு வறுப்பது. கடிக்கும்போது இளக்கமாக உடையும். ஏற்கெனவே கல்லானதை மீட்க முடியாது. சூப்பில் போடலாம்.

மாறாக, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் அளவைக் குறைக்கும் முன் சூட்டைச் சோதியுங்கள். அவன் குளிர்ந்திருந்தபோது உள்ளே போன சீவல் எண்ணெயைக் குடித்துக்கொண்டு கிடக்கும்.

## அறிகுறி 7: கசப்பு

எங்கிருந்து வந்த கசப்பு என்று பிரித்தறிய வேண்டும். ஒரு வகை சாதாரணம், இன்னொரு வகை ஆபத்து.

கருகிய கசப்பு: நாக்கில் புகைவாடையோடு வரும். பெரும்பாலும் மசாலாவிலிருந்துதான். மிளகாய்த்தூள், பூண்டுத்தூள், உலர்ந்த இலை எல்லாம் காயைவிட வெகு சீக்கிரம் கருகும். வறுத்து எடுத்த அந்த நிமிடம், எண்ணெய் ஈரம் காயும் முன் தூவுங்கள், ஒட்டிக்கொள்ளும். ஆறியபின் தூவினால் கிண்ணத்தின் அடியில்தான் கிடக்கும்.

பழைய எண்ணெயின் கசப்பு: புட்டியை முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். மெல்லிய சீவலில் அந்த வாடை பத்து மடங்கு தெரியும்.

சுக்கினி, பூசணி, சுரைக்காய், வெள்ளரி கசந்தால் துப்பிவிடுங்கள், முழுவதையும் எறியுங்கள். இந்தக் குடும்பத்துக் காய்கள் சில நேரம் குக்குர்பிட்டசின் என்ற நச்சுப் பொருளை அதிகமாகச் சேர்த்துக்கொள்கின்றன. வேகவைத்தாலோ வறுத்தாலோ அது போகாது. வறுக்கும் முன் ஒரு சிறு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். கசந்த காயைத் தின்றபின் வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி வந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். பாகற்காயின் இயல்பான கசப்பு இந்தக் கணக்கில் வராது.

பச்சை பிடித்த உருளைக்கிழங்கு: தோலுக்கடியில் பச்சை இருந்தால் சொலனைன் என்ற நச்சுப் பொருள் கூடியிருக்கிறது என்பதற்கு அடையாளம். சிறு பகுதி என்றால் ஆழமாகச் செதுக்கி எறியலாம். பெரும்பகுதி பச்சை என்றாலோ, செதுக்கியபின்னும் கசந்தாலோ கிழங்கையே எறியுங்கள்.

## அறிகுறி 8: கீரைச் சில்லு பறக்கிறது, கருகுகிறது, அல்லது ஈரமாகவே இருக்கிறது

ஏர் ஃப்ரையரில் உலர்ந்த இலை விசிறிக் காற்றில் எழும்பி மேலுள்ள சூட்டுக் கம்பியில் ஒட்டும். புகையும் தீயும் அங்கிருந்துதான் வரும். இலைமேல் ஒரு சிறு கம்பித் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். வெறும் பேக்கிங் காகிதத்தைப் போட்டு ஏர் ஃப்ரையரை முன்கூட்டிச் சூடாக்குவது இன்னும் மோசம். மேலே கனம் இல்லாத காகிதம் நேராகக் கம்பிக்குத்தான் பறக்கும்.

இலையின் நடு நரம்பைக் கிழித்து நீக்குங்கள். இலை உலர்ந்து கருகும் வரையிலும் நரம்பு ஈரமாகவே இருக்கும். ஒரு பெரிய கட்டுக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் தாராளம். விரலால் தேய்த்துப் பூசுங்கள். உப்பு மிகக் கொஞ்சம், அதுவும் கடைசியில். இலை சுருங்கி ஐந்தில் ஒரு பங்காகும்போது முதலில் போட்ட உப்பு ஐந்து மடங்கு கரிக்கும். 12-ஆம் நிமிடத்திலிருந்து ஒவ்வொரு நிமிடமும் பாருங்கள். பச்சை பழுப்பாக மாறினால் கசப்பு வந்துவிட்டது என்று பொருள்.

## அறிகுறி 9: டப்பாவில் போட்டபின் கெடுகிறது

மறுநாளே நமத்துவிட்டால்: சூட்டோடு அடைத்திருப்பீர்கள், அல்லது ஒரே ஒரு துவண்ட சீவல் உள்ளே போயிருக்கும். ஒரு ஈரச் சீவல் மொத்த டப்பாவையும் நமக்கச் செய்யும். முழுதாக ஆற 30 நிமிடம் கொடுத்து, வளைவதைப் பொறுக்கி எடுத்துத் தின்றுவிட்டு, மீதியை அடையுங்கள்.

மூடி சரியாக இறுகுகிறதா என்று அறிய, டப்பாவுக்குள் காகிதத் துண்டு ஒன்றைப் போட்டு மூடி, தண்ணீருக்குள் கவிழ்த்து அமுக்குங்கள். குமிழி வந்தாலோ காகிதம் நனைந்தாலோ மூடியின் ரப்பர் வளையம் போய்விட்டது. உணவுக்கென்று தயாரித்த சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடலாம். செருப்புப் பெட்டியில் வந்ததைப் போடாதீர்கள்.

நமக்கவில்லை, ஆனால் சிக்கு வாடை என்றால் எண்ணெய் கெட்டிருக்கிறது. வெளிச்சமும் சூடும் படும் இடத்தில் கண்ணாடிப் புட்டியை வைத்தால் இது சீக்கிரம் வரும். பூஞ்சை தெரிந்தால் மேலாக எடுத்துப் போட்டுவிட்டு மீதியைத் தின்னும் வேலை வேண்டாம். விரல்துண்டுகளை டப்பாவில் வெளியே வைக்கவே கூடாது. உள்ளே ஈரம் இருப்பதால் ஃபிரிட்ஜுக்குத்தான் போக வேண்டும். மறுபடி 200 டிகிரியில் சூடாக்கித் தின்னுங்கள்.

## கருவிச் சோதனை: எல்லாம் சரி, ஆனாலும் வரவில்லை

சூடு சரியா? அவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்குவது நல்லது. நடுத்தட்டில் வைத்து, 180-இல் 30 நிமிடம் ஓடவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். முள் ஏறி இறங்குவது இயல்பு, சராசரியைப் பாருங்கள். வெப்பமானி இல்லையென்றால் சர்க்கரை இருக்கிறது. அது 186 டிகிரி அளவில் உருகும். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையை அலுமினியத் தாளில் பரப்பி, நன்கு சூடேறிய அவனில் 175-இல் 15 நிமிடம் வையுங்கள். உருகக் கூடாது. புதிய சர்க்கரையை 195-இல் 15 நிமிடம் வையுங்கள். உருக வேண்டும். முதலாவது உருகினால் அவன் காட்டுவதைவிடச் சூடு அதிகம். இரண்டாவது உருகவில்லை என்றால் குறைவு.

வித்தியாசம் 10–15 டிகிரி, எப்போதும் ஒரே பக்கம் என்றால் பழுதுபார்ப்புக்குச் செலவழிக்காதீர்கள். குமிழில் அந்த அளவு கூட்டியோ குறைத்தோ வைத்தால் போதும். சில மாடல்களில் அமைப்புப் பட்டியலிலேயே இதைத் திருத்தலாம், கையேட்டைப் பாருங்கள். 25 டிகிரிக்கு மேல், அல்லது ஒவ்வொரு முறையும் வேறுவேறு என்றால் தெர்மோஸ்டாட்டோ சென்சாரோ போய்விட்டது. அது ஆள் வைத்து மாற்றும் வேலை.

கதவு இறுகுகிறதா? அவன் குளிர்ந்திருக்கும்போது ஒரு காகிதக் கீற்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். பிடித்து வழுக்கினால் சரி. தடையே இல்லாமல் வந்தால் அந்த இடத்து ரப்பர் பட்டை தட்டையாகியிருக்கும் அல்லது கிழிந்திருக்கும். எண்ணெய்க் கசடு படிந்தும் இப்படியாகும். முதலில் வெந்நீர்த் துணியால் துடைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். கொக்கியில் மாட்டும் வகைப் பட்டையை வீட்டிலேயே மாற்றிவிடலாம். கதவின் கீல் தொங்கியிருந்தால் ஆளைக் கூப்பிடுங்கள்.

சூட்டுக் கம்பி வேலை செய்கிறதா? மின் அவனில் மேல்கம்பி மட்டும், கீழ்கம்பி மட்டும் என்று தனித்தனியே வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் ஒன்றில் சூடு வரவில்லை என்றால் அது போய்விட்டது. கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், கதவைத் திறந்து முகத்தைத் தள்ளியே வைத்து உணருங்கள். கம்பியில் கொப்புளமோ வெடிப்போ தெரிந்தாலும் அதே முடிவுதான்.

ஏர் ஃப்ரையரில் இழுப்பறையின் அடியில் தேங்கிய பழைய எண்ணெயே பெரும்பாலான வெள்ளைப் புகைக்குக் காரணம். ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவே துடையுங்கள். பிளக்கைப் பிடுங்கி, ஆறியபின் தலைகீழாகத் திருப்பி, மேல்கம்பியை ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். கூடையின் பூச்சு உரிந்து சீவலோடு வரத் தொடங்கினால் கூடையை மாற்றுங்கள். சுரண்டிச் சமன்செய்யாதீர்கள்.

உடனே நிறுத்தி, ஆளைக் கூப்பிட வேண்டியவை:

- அவனைப் போட்டதும் டிரிப்பர் விழுகிறது. நீண்ட நாள் கிடந்த அவனில் கம்பிக்குள் ஈரம் ஏறியிருக்கலாம். ஆனால் அதைத் தீர்மானிக்க மின்காப்பைச் சோதிக்கும் கருவி வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள்.
- அவனின் வெளி உடம்பைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது.
- பிளக் அல்லது சாக்கெட் சூடாகிறது, பழுப்பேறுகிறது, பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது. இதற்கு எலக்ட்ரீஷியன் வேண்டும், அவனைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் அல்ல.
- எரிவாயு அவனில் வாயு வாடை அடிக்கிறது, அல்லது சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து கரி படிகிறது. வாடை என்றால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், சிலிண்டரையோ குழாயையோ மூடி, சன்னல்களைத் திறந்து, வெளியே போய் அழையுங்கள்.
- அணைத்தபின்னும் சூடேறிக்கொண்டே போகிறது. சுவரிலுள்ள முதன்மைச் சுவிட்சை அணையுங்கள்.

உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள், மின்சாரத்தை நிறுத்துங்கள். காற்றில்லாமல் பெரும்பாலும் தானே அணையும். அணையாமல் புகை வெளியே பெருகினால் வீட்டைவிட்டு வெளியேறித் தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள்.

மெக்கானிக்கை அழைக்கும்போது மாடல் எண் (பெரும்பாலும் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும்), வெப்பமானியில் குறித்த எண்கள், ரொட்டிப் படம், எந்தக் கம்பியில் சூடு வரவில்லை என்ற விவரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "சரியாக வேகவில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் முதல் வருகையில் பார்த்துவிட்டுப் போவார், உதிரிப்பாகத்தோடு இரண்டாவது முறை வருவார். இரண்டு வருகைக்கும் கூலி உண்டு.